கப்பலிடம் கடன் வாங்கிய உயிர்

கைப்பேசியில் சண்டை விளையாட்டு ஆடும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: திரை ஓரத்துக் கோடு குறைந்தால் உயிர் குறைகிறது, தீர்ந்தால் ஆள் அவுட். வெட்டு விழுந்த உடனே வீரன் சாவதில்லை. நூறு புள்ளியில் பன்னிரண்டு போகிறது, மிச்சத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறான். ஆடுகிறவர் யாருக்கும் இதில் வியப்பில்லை. நிஜமான வாள்சண்டையில் இப்படி நடப்பதில்லை என்பதும் யாருக்கும் உறுத்துவதில்லை. ‘ஹிட் பாயிண்ட்’ என்கிற இந்தக் கணக்கு போர்க்களத்தில் பிறந்தது அல்ல. அது கடலிலிருந்து வந்தது. வந்த வழி நீளமானது.

இந்தியாவில் பிறந்து, பாரசீகமும் அரபு நாடுகளும் கடந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்த சதுரங்கத்தில் இந்தக் கணக்கு கிடையாது. யானையானாலும் காலாளானாலும் ஒரே வெட்டுதான், காய் பலகையை விட்டு இறங்கிவிடும். 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்துவந்த யோஹான் ஹெல்விக், இளைஞர்களுக்குப் போர்க்கலை புகட்டுவதற்காக இந்தப் பலகையை 1,617 கட்டங்களாக விரித்தார். கட்டங்களுக்கு நிறம் தீட்டி மலை, ஆறு, சதுப்பு என்று நிலத்தைக் காட்டினார். நிலம் வந்துவிட்டது, காயம் இன்னும் வரவில்லை.

அதைக் கொண்டுவந்தது ஒரு பிரஷ்யக் குடும்பம். 1812இல் பாரன் ஃபான் ரைஸ்விட்ஸ், மலையும் ஆறும் வரைந்த ஓடுகளை வேண்டியபடி மாற்றி அடுக்கும் மேசை ஒன்றைச் செய்து அரசருக்குக் கொடுத்தார். பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த அவர் மகன், 1824இல் கட்டங்களை அடியோடு எடுத்துவிட்டு விளையாட்டை ராணுவ வரைபடத்துக்கு மாற்றினார். இரு தரப்பும் நடுவரிடம் கட்டளையை எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர் தூரத்தை அளப்பார், பகடையை உருட்டுவார், அட்டவணையைப் பார்ப்பார், இத்தனை பேர் போனார்கள் என்று அறிவிப்பார். ஒரு படைப்பிரிவு ஒரேயடியாக மறையாமல் சிறுகச் சிறுகத் தேய்ந்தது. படையின் தலைமைப் பணியகத் தலைவர் முஃப்லிங் முதலில் அசிரத்தையாகத்தான் உட்கார்ந்திருந்தாராம். ஆட்டம் நகர நகர நிமிர்ந்து உட்கார்ந்தவர், கடைசியில் படை முழுவதற்கும் இதைப் பரிந்துரைத்தார். ஆனால் தேய்ந்தது கூட்டம்தான். கூட்டத்தில் நின்ற தனி ஆளுக்கு இன்னமும் ஓர் அடிதான் கெடு.

1870–71இல் பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்ததும் பல நாட்டு ராணுவங்களும் இந்த விளையாட்டைப் பார்த்து எழுத உட்கார்ந்தன. 1885இல் ஜப்பானுக்குப் பாடம் நடத்தப் போன ஜெர்மன் அதிகாரி மெக்கெல், இதைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர். அமெரிக்க லெப்டினன்ட் சார்லஸ் டாட்டன் 1880இல் ‘ஸ்ட்ராடெகோஸ்’ என்ற பெயரில் தம் பங்குக்கு ஒரு விதிப்புத்தகம் போட்டார். அதற்குள் ஜெர்மனியிலேயே ஒரு சண்டை மூண்டிருந்தது. அட்டவணைகளைப் புரட்டியே பொழுது போகிறது, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பாக இருக்கட்டும் என்று 1876இல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி வாதிட்டார். இந்த வாதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடலுக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச் 9 அன்று, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் ரோட்ஸ் கடல்முகத்தில் ‘மானிட்டர்’, ‘வர்ஜீனியா’ என்ற இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மோதின. மணிக்கணக்கில், சில வேளை கிட்டத்தட்ட உரசும் தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டன. குண்டுகள் தகட்டில் பட்டுத் தெறித்தன, தகடு நெளிந்தது, இரண்டும் மூழ்கவில்லை. அன்றிலிருந்து கடற்போரை மேசையில் ஆட விரும்பியவர்கள் எல்லாரும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியதாயிற்று. குண்டு கவசத்தைத் துளைத்ததா? துளைத்தால், இந்தக் கப்பல் இன்னும் எத்தனை குண்டு தாங்கும்?

1898இல் பிரிட்டனின் ஃபிரெட் ஜேன் கடற்போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். உலகப் போர்க்கப்பல்களைப் பட்டியலிடும் புகழ்பெற்ற ஆண்டு நூலைத் தொடங்கியவரும் இவரே. நியூயார்க்கில் ஃபிளெட்சர் பிராட் என்ற எழுத்தாளர், சின்ன மரக் கப்பல்களைத் தரையில் பரப்பி நண்பர்களைக் கூட்டி ஆடினார். விதிகள் 1940இல் புத்தகமாயின. எடை, கவசம், பீரங்கி எல்லாவற்றையும் ஒரு வாய்ப்பாட்டில் போட்டு ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு மதிப்பெண் கண்டார். விழும் குண்டு ஒவ்வொன்றும் அதிலிருந்து கழியும். இதே பிராட்தான் டி கேம்ப் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து மாயாஜாலக் கதைகளும் எழுதினார். அந்தக் கதைகள் பின்னாளில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கு ஊக்கம் தந்த நூல்களின் பட்டியலில் இடம்பெற்றன. ஒரே மனிதர், இரண்டு வாசல்.

1960களில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற மாணவர், பல்கலைக்கழக நூலகத்தில் டாட்டனின் அந்தப் பழைய புத்தகத்தைக் கண்டெடுத்தார். எந்த முயற்சியையும் ஆட்டக்காரர் சொல்லலாம், நடுவர் தீர்ப்பார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1969இல் நெப்போலியன் காலத்து ஜெர்மன் ஊர் ஒன்றைக் கற்பனை செய்து, நண்பர்களுக்குப் படைகளுக்குப் பதில் ஆள்களைக் கொடுத்தார்: ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழக வேந்தர். ஆட்டம் அவர் போட்ட திட்டத்தை விட்டு எங்கெங்கோ ஓடியது. தோல்வி என்றே அவர் நினைத்தார். நண்பர்களோ இன்னொன்று நடத்தச் சொல்லி நச்சரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர் டேவ் ஆர்னசன். 1971இல் இதே முறையைப் பூதங்களும் மந்திரவாதிகளும் உலவும் ‘பிளாக்மூர்’ என்ற நாட்டுக்குக் கொண்டுபோனார். சண்டை வந்தால், கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் அதே ஆண்டு வெளியிட்ட ‘செயின்மெயில்’ விதிகளைப் பார்த்துக்கொண்டார். அவை பொம்மை வீரர்களுக்கான விதிகள். அடி பட்டால் ஆள் காலி. நாற்பது பொம்மைகளில் ஒன்று விழுந்தால் யாரும் கலங்க மாட்டார்கள். பல இரவுகள் பெயர் சொல்லி, கதை சொல்லி வளர்த்த ஒரே ஆள் ஒரே உருட்டலில் விழுந்தால்? நண்பர்களுக்கு மனசு கேட்கவில்லை. உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்கென்று எழுதிய விதிகள் ஆர்னசனிடம் இருந்தன. கவச எண்ணையும் தாங்கும் புள்ளியையும் அங்கிருந்தே எடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வீரனைக் கப்பலாகப் பார்க்க வைத்தது நண்பர்களின் வருத்தம்.

1972 கடைசியில் ஆர்னசன் தம் ஆட்டத்தை விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவுக்குக் கொண்டுபோய் கைகாக்ஸுக்குக் காட்டினார். 1974இல் ஆயிரம் பிரதிகளோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. ஒரு சண்டையைக் கிட்ட நின்று பார்ப்போம். புதிய வீரன் வாளை ஓங்குகிறான். எதிரி தகட்டுக் கவசமும் கேடயமும் அணிந்திருந்தால் கவச எண் 2. இருபது முகப் பகடையில் 17 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். கவசமே இல்லை என்றால் எண் 9. 10 விழுந்தாலே போதும். பட்டால், ஆறு முகப் பகடையில் விழும் எண் எதிரியின் உயிரிலிருந்து கழியும். ஹாம்ப்டன் ரோட்ஸின் அதே இரண்டு கேள்விகள். கவச எண் குறையக் குறைய நல்லது என்ற விநோத வழக்கம் 2000ஆம் ஆண்டுப் பதிப்புவரை நீடித்தது.

செயின்மெயிலும் இதற்குள் தடம் விட்டிருந்தது. அதில் ‘ஹீரோ’ என்ற பாத்திரம் நான்கு பேருக்குச் சமம். புதிய விளையாட்டிலும் நான்காம் நிலை வீரனுக்கு அதே பட்டம், உயிரை உருட்ட நான்கு பகடை.

இருபது முகப் பகடை வந்த வழி தனி. டாலமி காலத்து எகிப்தில் கிரேக்க எழுத்து பொறித்த இருபது முகக் கட்டைகள் இருந்தன. ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளையாட்டுக்காரர்கள் கைக்கு அது எகிப்திலிருந்து வரவில்லை. ஜப்பானில் தரக்கட்டுப்பாட்டுக்குச் சமவாய்ப்பு எண்கள் எடுக்க, பூஜ்யம் முதல் ஒன்பதுவரை இருமுறை பொறித்த இருபது முகப் பகடை செய்தார்கள். கைகாக்ஸ் வாங்கி விற்ற தொகுப்புகள், கலிஃபோர்னியாவில் பள்ளிகளுக்குக் கணித உபகரணம் விற்ற ஒரு நிறுவனத்தின் சரக்கு. பிளாஸ்டிக் மென்மையானது, உருட்ட உருட்ட முனை மழுங்கும். எண்களில் மை இருக்காது, கிரேயானைத் தேய்த்துக் குழியை நிரப்பிக்கொள்ள வேண்டும். 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது பெட்டியில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு அனுப்பினார்கள்.

எதிரிகளும் கடைச் சரக்குதான். மலிவுக் கடையில் கைகாக்ஸ் வாங்கிய ஒரு பை பிளாஸ்டிக் பொம்மைகளில் எந்த விலங்கு என்று யாராலும் சொல்ல முடியாத உருவங்கள் கிடந்தன. வால் நுனியில் விசிறி போல ஒன்று வைத்திருந்த பொம்மை, இரும்பைத் துருவாக்கித் தின்னும் விலங்காயிற்று. தகட்டுக் கவசம் பூண்ட வீரன் உயிர்ப்புள்ளியைவிடக் கவசத்துக்காக அதிகம் பயப்பட வேண்டிய எதிரி அது. எத்தனை அழகான யோசனை!

பார்த்துச் செய்தவர்கள் உடனே கிளம்பினார்கள். அரிசோனாவின் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ எழுதினார். சாதாரண ஆறு முகப் பகடையே போதும் என்பது அதன் சிறப்பு. 1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’டை எழுதிய ஸ்டீவ் பெரின், இடைக்காலக் கவசம் அணிந்து நிஜமாகவே மோதிப் பழகும் குழுவைச் சேர்ந்தவர். மொத்த உயிரை ஒரே எண்ணில் அடக்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. தலைக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று உடம்பைப் பங்கிட்டார், தடுப்பதற்கும் தனி உருட்டல் வைத்தார். 1984இல் ஜெர்மனியில் உல்ரிஷ் கீஸோவ் உருவாக்கிய ‘கறுப்புக் கண்’ விளையாட்டிலும் தாக்க ஒரு உருட்டல், தடுக்க ஒரு உருட்டல். பிரஷ்ய அதிகாரியின் பகடை மினசோட்டா போய் ஊர் திரும்பியிருந்தது.

கணினிக்கோ எண் கழிப்பது இயல்பான வேலை. 1975இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் ஒருவர் இப்படி ஒரு விளையாட்டை எழுதி, பாடக் கோப்பு போல ‘பெடிட்5’ என்று பெயரிட்டு வைத்தார். நிர்வாகம் அதை அழித்தது. பிறகு ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ என்ற கணினி விளையாட்டுகள் வந்தன. அவற்றில் மயங்கிய யூஜி ஹோரி 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ செய்ய, ஹெச்.பி. என்ற இரண்டெழுத்து ஜப்பானிய வீடுகளுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு அங்கே ‘காம்ப்டிக்’ என்ற கணினி இதழ், ரியோ மிசுனோ நடத்திய ஒரு டன்ஜன்ஸ் ஆட்டத்தைப் பேச்சுக்குப் பேச்சு எழுதித் தொடராக வெளியிட்டது. ‘லோடாஸ்’ நாவல்கள் அதிலிருந்தே முளைத்தன.

மேசையில் ஃபெர்டியின் பழைய வாதம் இன்றும் முடியவில்லை. ராட்சசனின் புள்ளி நடுவர் கையில் மறைந்திருக்கிறது. சண்டை சீக்கிரம் முடிந்துவிடும் போலிருந்தால் அவர் யாருக்கும் தெரியாமல் பத்தைக் கூட்டலாமா? பலர் கூட்டுகிறார்கள், நல்ல ஆட்டத்துக்காகத்தான் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டக்காரர் நல்ல உருட்டலில் வென்ற வெற்றி அது. அதை அவரிடமிருந்து எடுக்க நடுவருக்கு உரிமை கிடையாது. எண்ணைச் சொல்லாமலே நிலையைச் சொல்ல நேர்மையான வழி ஒன்று உண்டு. எதிரியின் உயிர் பாதியைத் தொட்டதும் ‘ரத்தம் கசிகிறது’ என்று நடுவர் மேசைக்கு அறிவிப்பது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு இதை விதியாகவே எழுதியது. 2014இல் வந்த பதிப்பில் அது இல்லை. வீடுகளில் ஆடியவர்கள் விடாமல் பயன்படுத்தினார்கள், 2024இல் அது விதிநூலுக்குத் திரும்பி வந்திருக்கிறது.