கல்லில் ஏறிய பெயர்: கடல் கடந்து மாண்ட போர்வீரரின் நினைவு வளர்ந்த வரலாறு

1915ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், பிரான்சின் வடபகுதியிலுள்ள லூஸ் என்னும் ஊருக்கருகே நிகழ்ந்த பெரும்போரில், 18 வயது நிரம்பி ஆறு வாரங்களே கழிந்திருந்த ஜான் கிப்லிங் என்னும் இளம் அதிகாரி, ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவினரோடு முன்னேறிச் சென்றவன், திரும்பி வரவில்லை. கண்பார்வைக் குறைவால் முதலில் ஒதுக்கப்பட்ட அப்பிள்ளைக்காக, தமக்கு வேண்டியவரான ராபர்ட்ஸ் பிரபுவிடம் சொல்லி அப்பதவியைப் பெற்றுக் கொடுத்தவர், பம்பாயில் பிறந்து எழுத்தாளராக உலகப் புகழெய்திய அவன் தந்தை ரட்யார்ட் கிப்லிங்கே. மகனுடைய உடல் கிடைக்காமையால், அவனோடு நின்று போரிட்ட வீரர்களை ஒவ்வொருவராகத் தேடி விசாரித்த அத்தந்தை, அப்படைப்பிரிவின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி 1923இல் வெளியிட்டார். தம் மகனுக்கு அதில் அவர் ஒதுக்கிக்கொண்ட இடமோ மிகச் சிறிது.

இத்தகைய பிள்ளைகளின் நினைவை எங்கே, எவ்வாறு நிறுத்துவது என்பது அக்காலத்து ஐரோப்பாவுக்குப் புதிய பிரச்சினை. 1815இல் வாட்டர்லூ களத்தில் மாண்ட சாமானிய வீரர்கள் பெருங்குழிகளில் ஒருசேரப் புதைக்கப்பட்டார்கள். கல்லும் பெயரும் பெரும்பாலும் தளபதிகளுக்கும் உயர்குடிப் பிறந்தோருக்குமே உரியனவாயிருந்தன. 1871இல் பிரான்சும் ஜெர்மனியும் செய்துகொண்ட பிராங்பர்ட் உடன்படிக்கையின் 16ஆவது ஷரத்து, மாண்ட வீரர்களின் கல்லறைகளை இரு அரசுகளும் பேணவேண்டுமென்று விதித்ததைப் புதிய மனப்பான்மையின் உதயமெனக் கொள்ளலாம்.

அம்மனப்பான்மைக்கு ஒரு ஸ்தாபனத்தின் உருவைக் கொடுத்தவர் பேபியன் வேர். படையிற் சேரும் வயதைக் கடந்து, 45 வயதில் செஞ்சிலுவைச் சங்கத்து வாகனக் குழுவொன்றின் தலைவராகப் பிரான்சுக்குச் சென்ற அவர், சிதறிக் கிடந்த புதைகுழிகளின் இடத்தையும் அவற்றிலுள்ளார் பெயரையும் குறித்துவைக்கத் தொடங்கிய சிறு காரியமே, 1917ஆம் ஆண்டு மே 21இல் அரச சாஸனம் பெற்ற ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணைக்குழுவாக வளர்ந்தது. இதற்கிடையே, பிரிட்டனின் முன்னாள் பிரதம மந்திரி கிளாட்ஸ்டனின் பேரன் 1915 ஏப்ரலில் களத்தில் மாள, அவனுடலை அரசரின் அனுமதியோடு தாய்நாட்டுக்குக் கொண்டுசென்றார்கள். செல்வாக்குடையோர்க்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதியா என்னும் கேள்வி அதனால் எழுந்தது. அதன்பின் எவருடைய உடலையும் எடுத்துச் செல்லலாகாதென்ற தடை உறுதிப்பட்டது.

பிரிட்டிஷ் மியூசியத்தின் தலைவர் பிரெடரிக் கென்யன் 1918இல் அளித்த அறிக்கை, படைத்தலைவனுக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே அளவுள்ள, ஒரே வடிவுள்ள கல் நிறுத்தப்படவேண்டுமென்று கூறிற்று. இதனைப் பெற்றோர் யாவரும் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று புதல்வரைப் போரில் பறிகொடுத்த புளோரன்ஸ் செசில் சீமாட்டி, கல்லுக்குப் பதில் சிலுவை வேண்டுமென்று எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரின் கையொப்பத்தோடு விண்ணப்பம் செய்தார். அத்தாயின் வேண்டுகோளைப் பிழையென்று சொல்ல என் மனம் ஒருப்படவில்லை. பிள்ளையைத் தேசத்துக்குக் கொடுத்தபின் அவன் தலைமாட்டில் எதனை நிறுத்துவதென்பதையேனும் தான் தீர்மானிக்க விரும்பியதில் என்ன குற்றம்? 1920 மே 4ஆம் நாள் பார்லிமெண்டில் நடந்த விவாதத்தில், கிப்லிங் எழுதிய கடிதமொன்று வாசிக்கப்பட்டது. மகனுக்குக் கல்லறையே வாய்க்காத தகப்பனின் சொல்லுக்கு முன், கல்லின் வடிவைப் பற்றிய வாதம் வலியிழந்தது; சமத்துவக் கொள்கை நிலைபெற்றது. குடும்பத்தார் விரும்பினால் 66 எழுத்துக்களுக்கு உட்பட்ட சொந்த வாசகமொன்றைக் கல்லின் அடியிற் பொறித்துக்கொள்ள மட்டும் இடமளிக்கப்பட்டது.

உடல் கிடைக்காதோர்க்குப் பெயரே உடலாயிற்று. 1927இல் திறக்கப்பெற்ற ஈப்ர் நகரத்து மெனின் வாயிலில் 54,000க்கு மேற்பட்ட பெயர்களும், 1932இல் எழுந்த தியெப்வால் நினைவுமண்டபத்தில் 72,000க்கு மேற்பட்ட பெயர்களும் பொறிக்கப்பட்டன. ஜானின் பெயரும் லூஸ் நினைவுச்சுவரில் ஏறியது. 1936இல் தந்தை காலஞ்சென்று அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1992இல், பெயரறியாத ஐரிஷ் கார்ட்ஸ் அதிகாரி ஒருவனின் கல்லறை ஜானுடையதே என்று ஆணைக்குழு முடிவு செய்து கல்லை மாற்றியது. ஆராய்ச்சியாளர் சிலர் அம்முடிவை மறுத்தனர்.

ஆயினும் அச்சமத்துவம் கடலைக் கடந்து எவ்வளவு தூரம் சென்றது? பிரான்சில் நூவ் ஷாப்பெல் நினைவுச்சின்னத்தில், கல்லறை காணாத 4,700க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்கள் உள்ளன. 1927இல் நடந்த அதன் திறப்பு விழாவில் கிப்லிங் பேசினார். சென்னை ராஜதானியிலிருந்து சென்ற, சாப்பர்கள் எனப்பட்ட படைப் பொறியாளர்களும் பணிபுரிந்த மெசொப்பொத்தேமியாவிலோ நிலைமை வேறு. 1929இல் திறக்கப்பெற்ற பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் அனைவருக்கும் பெயருண்டு. இந்தியருள் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், மற்றையோர்க்கு அவரவர் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கை. கிழக்காப்பிரிக்காவில் சுமைதூக்கி மாண்டோர்க்கு எண்ணிக்கையும் இல்லை. இவ்வாறு சமமாக நினைவுகூரப்படாதோர் 45,000 முதல் 54,000 வரையினர் என்றும், பெயராலோ வேறெவ்வகையாலோ நினைவுகூரப்படாதவர்கள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும் இருக்கலாமென்றும், அவ்வாணைக்குழுவின் வழித்தோன்றலே 2021இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் காணப்படும் போர் நினைவுப் பலகைக் கற்களும் இந்த எண்ணிக்கை முறையையே பின்பற்றியவை: இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், அவருள் உயிர் நீத்தோர் இத்தனை பேர் என்பதோடு வாசகம் முடிந்துவிடுகிறது. ஊரார் யாவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த இடத்தில், பெயரைக் கேட்டெழுத அரை நாள் போதும். கேட்டெழுதவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. இந்நாட்டுக் கற்களுக்கோ வேறொரு பழக்கம் இருந்தது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நிறுத்தப்பெற்ற நடுகல், எருமை மந்தையைக் காத்து மாண்ட கருந்தேவகத்தியின் பெயரைச் சொல்லுகிறது. அவனருகே நின்று, திருடர் இருவரைக் கடித்துக் காவல் புரிந்த நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதிவைத்திருக்கிறது.