சென்னை மாகாணத்தில் ஆசிரியர் தகுதியும் சான்றிதழும்

ஆசிரியரின் தகுதியை வரையறுக்கும் முயற்சி தமிழ்நாட்டில் அரசு அலுவலகத்தில் தொடங்கியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியரின் இலக்கணத்தைக் கூறியதோடு நில்லாமல், ஆசிரியராகக் கூடாதவரையும் நான்கு உவமைகளால் அடையாளம் காட்டுகிறது. அவற்றுள் முடத்தெங்கு என்பது, நீர் வார்த்தவனை விட்டு அடுத்தவர் முற்றத்தில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை. தம்மிடம் பணிசெய்து வழிபட்ட மாணவனை ஒதுக்கிவிட்டுப் பிறனுக்குக் கற்பிப்பவரை அது சுட்டுகிறது. இவ்வளவு நுட்பமாக வகுக்கப்பட்ட இலக்கணத்தைச் சோதித்தறிவதற்கு எவ்வித அமைப்பும் இருக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு ஊராரின் நம்பிக்கையே உரிமமாக இருந்தது. மணலில் எழுத்துப் பழகிய சிறுவர்களை மேற்பார்வையிட்ட மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை, கண்டு கேட்டுக் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, பிற்காலத்தில் தானே ஒரு திண்ணையில் அமர்வதும் உண்டு.

இத்திண்ணைப் பள்ளி உலகை முதலில் கணக்கெடுக்க முற்பட்டவர் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆவார். 1822இல் அவர் கட்டளையிட்ட விசாரணையின் முடிவாக, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருப்பதாக 1826இல் பதிவாயிற்று. உபாத்தியாயரின் மாத வருவாய் ஆறேழு ரூபாயைத் தாண்டுவது அரிதென்றும், அத்தொகைக்குத் தகுதியுடையோர் இத்தொழிலுக்கு வரமாட்டார்கள் என்றும் குறித்த மன்றோ, ஆசிரியர்களைச் சென்னையில் பயிற்றுவிக்கும் திட்டத்தையும் முன்வைத்தார். தகுதிக் குறைவுக்குக் காரணத்தை ஊதியத்தில் தேடிய அந்தக் கண்ணோட்டம், பின்வந்த பல குழுக்களின் அறிக்கைகளை விடத் தெளிவானது எனலாம்.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பிறகு கல்வித்துறை உருவாகி, 1856இல் ‘நார்மல் ஸ்கூல்’ எனப்பட்ட ஆசிரியப் பயிற்சிப் பள்ளி சென்னையில் திறக்கப்பட்டது; அதுவே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. பட்டதாரிகளுக்கு எல்.டி. என்னும் பயிற்சிப் பட்டம் நெடுங்காலம் நுழைவாயிலாக விளங்கியது. மாநிலக் கல்லூரியில் ஏற்கெனவே தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த ராதாகிருஷ்ணனும் 1910இல் அப்பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய பிறந்தநாளே இன்று ஆசிரியர் தினம்.

இந்த ஏற்பாட்டிற்கு வெளியே நின்றும் பெரும் ஆசிரியர்கள் வந்தனர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையரிடம் பல்கலைக்கழகத் தேர்ச்சியோ பயிற்சிச் சான்றிதழோ இருக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதும், அக்கல்லூரியில் ஓய்வுபெறவிருந்த தமிழாசிரியர் தியாகராச செட்டியாரின் பரிந்துரையுமே அவருடைய தகுதிகள். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அம்மாணவர் செலுத்திய நன்றி, பின்னாளில் இரண்டு பாகங்களில் எழுதிய வாழ்க்கை வரலாறாக நிலைத்தது. ஆயினும் குருபரம்பரையை மட்டுமே போற்றி, சான்றிதழைப் பழிப்பது நேர்மையாகாது. ஏனெனில் அப்பரம்பரையின் வாயில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. இளமையிலேயே கைம்பெண்ணாகி 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தியதோடு, 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் தலைமையேற்றார். வீட்டின் பின்கட்டில் ஒடுங்க வேண்டியிருந்த பெண்ணுக்குப் பயிற்சிச் சான்றிதழ் மாதச் சம்பளத்தையும் ‘டீச்சர்’ என்னும் மதிப்பையும் பெற்றுத் தந்தது; எந்தக் குருவின் அருளும் அன்று அதைச் செய்திருக்க இயலாது.

கட்டாயக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து 2010இல் அறிவிக்கப்பட்ட ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், பயிற்சிச் சான்றிதழின் மேல் மற்றொரு படியை வைத்தது. 150 மதிப்பெண்ணுக்குக் கொள்குறி வினாக்களால் அமைந்த இத்தேர்வு பாட அறிவையும் குழந்தை உளவியலையும் சோதிக்கிறதே தவிர, ஆசிரியர் மாணவர்முன் நின்று பாடம் நடத்துவதைக் காண்பதில்லை. அவ்வகையில் இது பயிற்சிப் பள்ளிகளின் பழைய மாதிரி வகுப்பை விடக் குறுகிய அளவுகோலே. ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் இதில் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது.