உயிர்களின் வரவு செலவு – 4: ஏரி கொடுத்த கணக்கு

மினசோட்டாவின் சதுப்புக்குள் கிடந்த சீடார் பாக் ஏரியை ஐந்து ஆண்டுகள் அலசிய ரேமண்ட் லிண்டெமன், 1941-ல் மனைவி எலினாருடன் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இனி அவர் கையிலிருந்த கணக்கைப் பார்ப்போம்.

பாசியைத் தின்னும் பூச்சிகள் ஏராளம். அவற்றைத் தின்னும் மீன்கள் குறைவு. மீனைத் தின்னும் மீன்கள் அதைவிடக் குறைவு. மேலே போகப் போக எண்ணிக்கை சுருங்குகிறது என்று இங்கிலாந்தின் சார்லஸ் எல்டன் 1927-லேயே எழுதிவிட்டார். உடலின் அளவும் இனம் பெருகும் வேகமுமே காரணம் என்பது அவர் விளக்கம். லிண்டெமனுக்கு அது போதவில்லை. பாசி, புழு, மீன் எல்லாவற்றையும் கலோரியாக மாற்றினார். அதுவரை தனித்தனியாகக் கிடந்த உயிர்கள் ஒரே கணக்கேட்டுக்குள் வந்தன.

ஏரிப் பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆண்டுக்கு விழும் வெயில் சுமார் 1,18,872 கலோரி. அதில் தாவரங்கள் பிடித்துவைத்தது 111. தாவரம் தின்னும் உயிர்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 15. அவற்றையும் தின்னும் உயிர்களுக்குக் கிடைத்தது வெறும் 3. தாவரங்கள் பிடித்ததில் மற்றதெல்லாம்? மூச்சு விடுவதில் வெப்பமாகப் போனது கொஞ்சம். யாரும் தின்னாமல் மடிந்து சேற்றில் படிந்தது கொஞ்சம். மேல்படியில் ஆட்கள் குறைவதற்குக் காரணம், அங்கே போய்ச் சேரும் ஆற்றலே குறைவு என்பதுதான்.

சத்துகளின் கதை வேறு. லிண்டெமன் வரைந்த படத்தின் நடுவில் இருந்தது மீனல்ல, சேறு! இறந்தவை எல்லாம் அங்கே போய்ச் சேர, பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்க, நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீரில் கரைந்து மறுபடி பாசிக்கே உணவாயின. வெப்பமாகிப் போன ஆற்றல் திரும்பாது. சத்துகள் சுற்றிச் சுற்றி வரும். ஏரி உயிரோடு இருப்பது இந்த இரண்டாலும்தான்.

கட்டுரை 'இகாலஜி' ஆய்விதழுக்குப் போனது. ஆசிரியர் தாமஸ் பார்க் அதை ஏரியியலின் இரு பெரியவர்களுக்கு அனுப்பினார்: விஸ்கான்சினின் சான்சி ஜூடே, மிச்சிகனின் பால் வெல்ச். மெண்டோட்டா ஏரி பற்றி ஜூடே வெளியிட்டிருந்த அளவுகளைத்தான் லிண்டெமன் தன் ஏரியோடு ஒப்பிட்டிருந்தார். ஆகவே ஜூடே மகிழ்வார் என்று நினைப்போம்.

இருவருமே மறுத்தார்கள். ஏரிக்கு ஏரி குணம் மாறும், அவை சூத்திரத்துக்குள் அடங்காது என்றார் ஜூடே. கோட்பாடு பேசுமளவுக்குத் தரவுகள் இன்னும் சேரவில்லை என்பதே இருவர் தரப்பும்.

யேலில் லிண்டெமனுக்கு வழிகாட்டிய ஈவ்லின் ஹட்சின்சன் சும்மா இருக்கவில்லை. தரவு சேர்ந்த பிறகுதான் கோட்பாடு என்றால், எந்தத் தரவைச் சேர்ப்பது என்று யார் சொல்வது? இளைஞனுக்காக வாதாடி அவர் பார்க்குக்கு எழுதினார்.

இப்போது பார்க்கின் கையில் இரண்டு மறுப்புகள், ஒரு வாதம். துறையின் மூத்தவர்கள் இருவரை மீறி, பெயர் தெரியாத ஓர் இளைஞனின் கட்டுரையை அவர் அச்சிடுவாரா? யேலிலோ, 26 வயது லிண்டெமனின் ஈரல் கெட்டுக்கொண்டிருந்தது. முந்தப்போவது அச்சா, நோயா? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)