படச்சுருளில் இருந்த வெள்ளி

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சென்னை வடபழனி ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியத்துக்குச் சென்றிருந்தோம். 2023 மே மாதம் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இது. பழைய கார்களை அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய கேமராக்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு கேள்வி: தமிழின் முதல் படங்கள் எங்கே?

இல்லை நண்பர்களே! 1910களில் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் 'கீசகவதம்' இன்று இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', டி.பி.ராஜலட்சுமி நடித்தது, அதற்கும் பிரதி கிடையாது.

காரணம் என்ன? அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பிடிக்கும், வெப்பத்தில் மட்கிப்போகும். இன்னொரு காரணம் வெள்ளி. கருப்பு வெள்ளைப் படத்தின் உருவமே நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான். ஓடி முடித்த சுருள்கள் பலவற்றை அந்த வெள்ளிக்காகவே அழித்தார்கள்.

தாமல், காஞ்சிபுரம் பக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக எடைக்கு வாங்குவதில்லையா? வெள்ளி மிஞ்சும், நெசவு போய்விடும்.

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964-ல். 'காளிதாஸ்' வந்து 33 ஆண்டுகள் கழித்து!

கணக்குப்பதிவியலில் தேய்ந்த சொத்துக்கு 'இறுதி மதிப்பு' என்று ஒன்று போடுவோம். அன்று படச்சுருளுக்குப் போட்ட இறுதி மதிப்பு, அதிலிருந்த வெள்ளியின் விலை மட்டுமே. ராஜலட்சுமி பேசிய முதல் வசனத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. உங்கள் வீட்டில் பழைய வீடியோ கேசட் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.