சாலையோரக் கைகாட்டிகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

பொதுச் சாலையின் முச்சந்தியில் நடப்படும் ஒரு சிறு பலகை, அவ்வழியே செல்லும் அனைவரோடும் பேசும் ஆற்றல் உடையது. திருமண வீட்டிற்கும் கோயில் திருவிழாவிற்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் துக்க வீட்டிற்கும் வழிகாட்டும் அம்புக்குறிகளை நம் நாட்டுச் சாலைகளில் நாள்தோறும் காண்கிறோம். நட்டவர்க்கு அது எளிய காரியம். வழி அறியாது வருபவர்க்கோ அதுவே முழு நம்பிக்கை.

அந்நம்பிக்கை பொய்த்துப் போவதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவரின் இறுதிச் சடங்கிற்குச் சென்ற நான், விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்த அம்புக்குறியை நம்பித் திரும்பினேன். அதில் பெயரும் இல்லை, நாளும் இல்லை. அது காட்டிய வழியில் ஒரு மண்டபம் பூட்டிக் கிடந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் அங்கு நடந்த விருந்திற்காகக் கட்டப்பட்ட அட்டை அது என்பதை அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அறிந்தேன். உரிய வீட்டை நான் அடைந்தபோது நண்பரின் உடலை எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

பொதுச் சாலையில் பலகை நடும் உரிமை யாருக்கு உண்டு? நட்டதை அகற்றும் கடமை யாருடையது? இக்கேள்விகள் அன்று முதல் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. நம் ஊராட்சி மன்றங்களின் அமைப்பும் விதிகளும் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வேர் கொண்டவை. ஆதலின், விடையை இங்கிலாந்தின் சாலை வரலாற்றிலிருந்து தேடத் தொடங்குவது பொருத்தமாகும்.

சாலைகள் கூடும் இடங்களில் வழிகாட்டும் கல்லையோ கம்பத்தையோ நடும்படி சாலைக் கண்காணிப்பாளர்க்கு ஆணையிட நீதிபதிகளுக்கு அதிகாரம் அளித்த சட்டம், அந்நாட்டில் 1697ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஆயினும், புதிய ஊர்திகள் வந்தபோது அரசு பின்தங்கியே நின்றது. 1880களில் மிதிவண்டிச் சங்கத்தார், செங்குத்தான இறக்கங்களில் அபாய அறிவிப்புப் பலகைகளைத் தாமே நட்டனர். 1905இல் தோன்றிய ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்னும் வாகனமோட்டிகள் சங்கம், அடுத்த ஆண்டுமுதல் இப்பணியில் இறங்கி, ஆயிரக்கணக்கான பலகைகளை நாடெங்கும் நிறுவியது. வேகத்தைக் கண்காணிக்க மறைந்திருந்த காவலர்களைப் பற்றி வாகனமோட்டிகளை எச்சரிப்பதற்காகத் தோன்றிய சங்கமே, பின்னர் நாட்டிற்கு வழிகாட்டியாக மாறியது வரலாற்றின் விந்தை எனலாம்.

அச்சங்கங்களின் தொண்டு பெரிது. எனினும், ஒவ்வொரு பலகையும் வழியைக் காட்டியதோடு அதை நட்ட சங்கத்தின் பெயரையும் பறைசாற்றியது. தொண்டும் விளம்பரமும் ஒரே கம்பத்தில் தொங்கின. 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், குறிகளின் வடிவத்தை வரையறுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. நிலையான பலகைகளை நிறுவும் பொறுப்பும் 1930களில் சங்கத்தாரிடமிருந்து ஊராட்சி மன்றங்களுக்குச் சென்றது. கண்காட்சி, விளையாட்டு விழா போன்றவற்றுக்கு மட்டும், மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துக் கொண்ட சங்கத்தின் தற்காலிகப் பலகைகள் தொடர்ந்து காணப்பட்டன.

ஒரு கைகாட்டியின் வலிமை என்ன என்பதைப் போர்க்காலம் உணர்த்தியது. 1940ஆம் ஆண்டு, ஜெர்மானியப் படை தரையிறங்கக்கூடும் என்ற அச்சத்தால், நாடெங்கும் கைகாட்டிகள் பிடுங்கப்பட்டன, ஊர்ப்பெயர்கள் அழிக்கப்பட்டன. பலகை, நண்பன் என்றும் பகைவன் என்றும் பார்ப்பதில்லை. படிப்பவர் எவர்க்கும் வழி சொல்லும். ஆகவே, அதை நடுவோன் தன் விருந்தினர்க்கு மட்டும் பொறுப்பாளி அல்லன். அச்சாலையில் வரும் அனைவர்க்கும் பொறுப்பாளி ஆவான்.

போருக்குப் பின் எழுந்த விதிகள் இவ்வுண்மையை உட்கொண்டவை. 1963இல் அறிக்கை அளித்த வொர்பாய்ஸ் குழுவின் பரிந்துரைப்படி, ஜோக் கின்னிர், மார்கரெட் கால்வெர்ட் ஆகிய இருவர் வடிவமைத்த ஒரே சீரான குறிகள் 1965 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், அதிகாரிகளின் இசைவின்றிச் சாலையோர மரத்திலோ கம்பத்திலோ அறிவிப்பை ஒட்டுவதைக் குற்றமாக்கியது. உள்ளூர்ச் சமய, கல்வி, பண்பாட்டு நிகழ்ச்சிகளை வாணிக நோக்கமின்றி அறிவிக்கும் தற்காலிகப் பலகைகளுக்கு, இங்கிலாந்தின் 2007ஆம் ஆண்டு விதிகள் சலுகை வழங்கின. ஆனால், அப்பலகை 0.6 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது. நிகழ்ச்சிக்கு 28 நாட்களுக்கு முன்னர் வைக்கலாகாது. முடிந்த 14 நாட்களுக்குள் அகற்றப்பட வேண்டும். வைக்கும் நாளைப் போலவே எடுக்கும் நாளையும் சட்டம் குறித்திருப்பது இங்கு நோக்கத்தக்கது.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். 1965இல் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில், மன்றங்களின் செயற்பாட்டை ஆராய, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. ஆனால், 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. அச்சட்டத்தின்கீழ் மன்றங்கள் துணைவிதிகளை வகுக்கின்றன. அவற்றை மீறுவோர்க்கு 2,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. தற்காலிகப் பதாகைக்கு உரிமம் வழங்கும்போது வைப்புத்தொகை பெற்று, அகற்றிய பின் திருப்பித் தரும் மன்றங்களும் உள்ளன.

நாம் தேர்ந்தெடுக்காத மன்றத்தின் விதி நம்முடையது அன்று என எண்ணுவோர் சிலர் உளர். அவர்களின் மனக்குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால், பழைய அம்புக்குறியால் வழி தவறுபவர் மன்ற உறுப்பினர் அல்லர். நம்மைப் போன்ற ஒருவரே. தேர்தல் இல்லை என்பதற்காக, அண்டை வீட்டாருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை இல்லாமற்போய்விடாது.

எங்கள் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு இப்பொழுதெல்லாம் உரிமம் பெற்றே பலகைகளை வைக்கிறோம். ஒவ்வொன்றிலும் பள்ளியின் பெயரையும் நாளையும் எழுதுகிறோம். காலையில் எத்தனை பலகைகள் வெளியே சென்றன என்று ஒரு மாணவன் ஏட்டில் குறித்துக்கொள்கிறான். மாலையில் அத்தனையும் திரும்பி வந்த பின்னரே பள்ளிக் கதவு பூட்டப்படுகிறது.