வார்டுக்கு மாத்தியாச்சு... இனி பயமில்லையா? ஆபரேஷனுக்குப் பிறகு கவனிக்க வேண்டிய ராத்திரிகள்!

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வார்டுக்கு மாத்திடலாம்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே நிம்மதியாகிவிடும். ஆனா, ஐ.சி.யு-வில் விடாமல் ஓடிக்கிட்டிருந்த மானிட்டர், வார்டில் பெரும்பாலும் இருக்காது. 4 அல்லது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பி.பி., பல்ஸ், ஆக்ஸிஜன் பார்த்துக் குறித்துவிட்டுப் போவார். நடுவில் என்ன நடக்குது?

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்குப் பதில் இருக்கு. ஆபரேஷன் முடிந்த 833 பேரின் ஆக்ஸிஜன் அளவைத் தொடர்ந்து பதிவு செய்தாங்க. ஆனா, வார்டு நர்ஸ்களுக்கு அதைக் காட்டலை. 37% பேருக்கு ஆக்ஸிஜன் ஒரு மணி நேரமாவது தொடர்ந்து 90-க்குக் கீழே இருந்தது. இப்படி நீண்ட சரிவுகளில் 90%, நர்ஸ்களின் குறிப்பில் இல்லவே இல்லை!

நர்ஸ்களைக் குறை சொல்ல முடியாது. தூங்குறவரை எழுப்பி விரலில் கிளிப் மாட்டினால், அவர் ரெண்டு மூச்சு நல்லா இழுப்பார், எண்ணும் ஏறிடும். மார்ஃபின் மாதிரியான வலி மருந்துகள் மூச்சை மந்தமாக்குவது, அவர் தூங்கும்போதுதான்.

சரி, எல்லாப் படுக்கையிலும் மானிட்டர் மாட்டிட்டா? அலாரம் ஓயாது. ஓயாத அலாரத்தை யாரும் கவனிக்க மாட்டாங்க. அமெரிக்காவின் டார்ட்மத்-ஹிட்ச்காக் மருத்துவமனை, எலும்பு சிகிச்சை வார்டில் அலாரத்தை 80%-க்குக் கீழே போனால்தான் அடிக்கும்படி வைத்தது. அவசர மீட்பு தேவைப்பட்டது 1,000 பேருக்கு 3.4-லிருந்து 1.2 ஆகக் குறைந்தது.

கிளிப்பை மட்டும் நம்பவும் கூடாது. ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தால், மூச்சு குறைந்தாலும் எண் நல்லாவே காட்டலாம். கறுப்புத் தோலில் இந்தக் கருவி சில நேரம் அளவைக் கூட்டிக் காட்டுறதும் நிரூபணமான விஷயம். நெயில் பாலிஷ் இருந்தால் அழிச்சிடுங்க. ஸ்மார்ட் வாட்ச் இதுக்கு மாற்று இல்லை.

நோயாளிக்குக் குறட்டையோ, தூக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லிடுங்க. ராத்திரி துணைக்கு இருப்பது நீங்கள்னா, போனில் டைமர் வைத்து, நெஞ்சு ஏறி இறங்குறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. 10-க்குக் கீழே இருந்தாலோ, குறட்டை நடுநடுவே நின்னு போனாலோ, எழுப்பியும் கண் திறக்கலைனாலோ, 'அசந்து தூங்குறார்'னு விட்டுடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.