டவர் போன பிறகு கார் ஃபோன்

கைபேசிக்கு மூத்தது கார் ஃபோன். 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் இந்தச் சேவையைத் தொடங்கியபோது கருவியின் எடை சுமார் 36 கிலோ. டிக்கியில் பாதி அதற்கே போய்விடும்!

1983-இல் சிகாகோவில் அனலாக் செல்லுலார் வந்தது. காரில் பொருத்திய ஃபோனுக்கு 3 வாட் திறன். கையில் வைத்துப் பேசுவதற்கு 0.6 வாட்தான். டவர்கள் தள்ளித் தள்ளி நின்ற கிராமப்புறங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால் டிஜிட்டல் வந்த பிறகும் சிலர் பழையதை விடவில்லை. கூரை ஆன்டெனா, கேபிள், ஃப்யூஸ், பேட்டரி இணைப்பு ஆகியவற்றை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் அது பாட்டுக்கு உழைக்கும்.

டவரை யார் பார்த்துக்கொள்வது? அனலாக் சேவையைக் கட்டாயம் தர வேண்டும் என்ற விதி 2008 பிப்ரவரி 18-இல் முடிந்தது. பெரிய நிறுவனங்கள் கையோடு நிறுத்திவிட்டன. இதில் எனக்கு உறுத்துவது ஆன்ஸ்டார் விஷயம். விபத்தில் ஏர்பேக் விரிந்தால் தானாகவே உதவி மையத்தை அழைக்கும் அந்த வசதி, பழைய கார்களில் அனலாக்கையே நம்பியிருந்தது. பல கார்களில் மாற்றுக் கருவி பொருத்தவும் வழியில்லை. கார் நல்ல ஓட்டத்தில் இருந்தும் அந்தப் பாதுகாப்பு மட்டும் போயிற்று.

பழைய கார் பிரியர்கள் சிலர் இப்போது அந்த ரிசீவருக்குள் புளூடூத் கருவியைப் புகுத்தி, சட்டைப்பையில் உள்ள கைபேசி வழியாகப் பேசுகிறார்கள்.